மிஷின் இருக்கு, பெட் இருக்கு, ஆள் இருக்கா? எக்மோ டியூட்டி ரோஸ்டரின் கணக்கு

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். ஒரே விஷயம் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.

வென்டிலேட்டர் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய மாமாவுக்குக் கடுமையான நிமோனியா. வென்டிலேட்டரில் போட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை. எக்மோ வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு டாக்டர்கள் சொல்லியிருக்காங்க. ஒரு இடத்துக்கு ஃபோன் போட்டா வந்த பதில்: "மிஷின் இருக்கு, பெட்டும் இருக்கு. ஆனா இப்ப எடுக்க முடியாது." அப்புறம் வேற இடத்தில் கிடைச்சு, மாமா வீட்டுக்கும் வந்துட்டாராம். ஆனா நேயர் மனசில் கேள்வி மட்டும் போகல. "மிஷின் சும்மா நிக்குதுன்னா ஏன் எடுக்கல? காசு கட்ட மாட்டோம்னு நினைச்சாங்களா?"

அந்த ஆஸ்பத்திரி என்ன நினைச்சதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பதில் எப்படி வருதுன்னு தெரியும். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய ஆபரேஷன் நடக்கும்போது ஹார்ட்-லங் மிஷினை ஓட்டுறவங்களை அப்படிச் சொல்வாங்க. எக்மோவும் எங்க வேலையில் சேர்ந்தது. சில வருஷமா எக்மோ ரோஸ்டர் போடுற வேலையும் என் தலையில்தான். "எடுக்க முடியாது"ன்னு சொல்ற அந்த ஃபோனை நானே பேசியிருக்கேன். அதனால இன்னைக்கு மிஷினைப் பத்தி கொஞ்சமா, மிஷின் பக்கத்தில் உட்கார்றவங்களைப் பத்தி நிறையப் பேசப் போறோம்.

மிஷின் என்ன செய்யுது

எக்மோங்கிற பேர் தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் வந்தது 2016 டிசம்பரில். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு டிசம்பர் 4-ஆம் தேதி இதயம் நின்றபோது எக்மோ போட்டாங்க, மறுநாள் இறந்துட்டாங்க. அப்புறம் 2020-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். கோவிட்டோடு போராடி வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தார், செப்டம்பர் 25 அன்று காலமானார். இந்த ரெண்டு செய்தியும் சேர்ந்து, எக்மோ போட்டா அவ்வளவுதான்னு ஒரு பேச்சு இங்கே ஊறிப்போச்சு. அது சரியில்லை. எக்மோ நோயைக் குணப்படுத்தாது. நுரையீரலோ இதயமோ தேறி வர்றதுக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கும். தேறக்கூடிய ஆளுக்கு, நேரத்தோடு போட்டா, பிழைக்கிறவங்க நிறையப் பேர்.

வேலை செய்யும் விதம் சொல்லிடறேன். தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் கேனுலான்னு ஒரு தடிமனான குழாயைச் செலுத்தி ரத்தத்தை வெளியே எடுப்போம். ஒரு பம்ப் அதை இழுத்து, ஆக்சிஜனேட்டர்ங்கிற செயற்கை நுரையீரல் வழியா தள்ளும். கரியமில வாயு போயி, ஆக்சிஜன் ஏறி, ரத்தம் திரும்ப உடம்புக்குள்ளே. நுரையீரலுக்கு மட்டும் உதவின்னா சிரைக்கே திருப்பிக் கொடுப்போம், அது வி-வி. இதயமும் தளர்ந்திருந்தா தமனிக்குக் கொடுப்போம், அது வி-ஏ.

பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ஓடும். உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அதாவது ஒருத்தருடைய ரத்தம் முழுக்க ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உடம்பை விட்டு வெளியே போய்ச் சுத்திட்டு வருது. இதை மனசில் வச்சுக்கிட்டு அடுத்த பகுதியைக் கேளுங்க.

பக்கத்தில் உட்கார்றவர் என்ன பார்க்கிறார்

எக்மோ பேஷன்ட் பக்கத்தில் ஒருத்தர் எப்பவும் இருப்பார். பாத்ரூம் போகணும்னாகூட இன்னொருத்தரிடம் சொல்லி உட்கார வச்சுட்டுத்தான் போகணும். வெளியிலிருந்து கண்ணாடி வழியா பார்க்கிற சொந்தக்காரங்களுக்கு, "அந்தத் தம்பி சும்மாதானே உட்கார்ந்திருக்கார்"னு தோணும். அவர் சும்மா உட்கார்ந்திருந்தா நல்ல நாள்னு அர்த்தம்.

ஒரு உதாரணம் சொல்றேன். திடீர்னு டியூப் உதற ஆரம்பிக்கும். கட்டில்ல கை வச்சா தெரியும், குழாய் குதிக்கும். பம்ப் இழுக்கிற அளவுக்குச் சிரையில் ரத்தம் இல்லைன்னு அர்த்தம். ஸ்கிரீன்ல ஃப்ளோ இறங்கும். புதுசா வந்தவருக்கு என்ன தோணும்? ஃப்ளோ குறையுது, பம்ப் வேகத்தை ஏத்துவோம்னு. அதான் தப்பு. வேகத்தை ஏத்தினா உறிஞ்சுறது இன்னும் கடுமையாகி, சிரை கேனுலா மேல ஒட்டிக்கும், ரத்த அணுக்கள் நசுங்கும். செய்ய வேண்டியது நேர் எதிர். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு, ஏன் ரத்தம் வரலைன்னு தேடணும். எங்கேயாவது ரத்தக்கசிவா, பேஷன்ட் இருமுறாரா, கேனுலா நகர்ந்துடுச்சா. அனுபவம் இருக்கிறவருக்கு இது அரை நிமிஷ வேலை.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். சாதாரண ஐசியூவில் த்ரீ-வே திறந்து ரத்தம் எடுக்கிறது ஒரு சிஸ்டர் ஒரு ஷிஃப்டில் பத்து தடவை செய்ற காரியம். கை தானா செய்யும். திறந்து விட்டா ரத்தம் வெளியே வரும், மூடிடுவாங்க. எக்மோ சர்க்யூட்ல பம்புக்கு முன்னாடி உள்ள பக்கம் உறிஞ்சுற பக்கம். அங்கே ஒரு த்ரீ-வே திறந்திருந்தா ரத்தம் வெளியே வராது. காத்து உள்ளே போகும். சில விநாடியில் பம்ப் முழுக்கக் காத்து, ஓட்டம் நின்னுடும். பத்து வருஷம் ஐசியூவில் வேலை பார்த்த, மிகத் திறமையான ஒரு நர்ஸ், தன்னுடைய நல்ல பழக்கத்தாலேயே இங்கே ஆபத்தை உண்டாக்க முடியும். திறமை இல்லாததால இல்லை, இந்த மிஷினுக்குன்னு பயிற்சி இல்லாததால.

பம்ப் நின்னா? பக்கத்திலேயே கைப்பிடி ஒண்ணு மாட்டியிருக்கும், கையால சுத்துறதுக்கு. அதுக்கு முன்னாடி குழாயை கிளாம்ப் போடணும், இல்லேன்னா வி-ஏ பேஷன்டுக்கு ரத்தம் தமனியிலிருந்து பின்னோக்கி ஓடும். இதையெல்லாம் யோசிச்சுச் செய்ய நேரம் கிடையாது. அதனாலதான் தண்ணி நிரப்பின சர்க்யூட்டை வச்சு அடிக்கடி ஒத்திகை பார்ப்போம். ஆறு மாசம் எக்மோ பக்கமே வராதவருக்கு அந்தக் கை வேகம் போயிடும். இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் இன்னைக்குப் பேசப் போற எல்லாமே.

கணக்கு

இப்ப ரோஸ்டருக்கு வருவோம். ஒரு பேஷன்டுக்கு எப்பவும் ஒருத்தர்னா எத்தனை பேர் வேணும்? "மூணு ஷிஃப்ட், மூணு பேர்"னு மேனேஜ்மென்ட் மீட்டிங்ல சொல்வாங்க. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கிற ஒருத்தர் வருஷத்துக்குத் தருவது 2,496. அதில் கேஷுவல் லீவு, சிக் லீவு, பண்டிகை லீவுன்னு ஒரு 40 நாள் கழிச்சா சுமார் 2,180. வகுத்துப் பாருங்க, நாலு பேர் வருது. பயிற்சி நாள், ஓவர் கொடுக்கிற நேரம், யாராவது வேலையை விட்டுப் போற இடைவெளி எல்லாம் சேர்த்தா நாலரை. அதாவது ஒரு நாற்காலிக்கு நாலரை ஆள்.

இது எளிய பகுதி. கஷ்டம் எங்கேன்னா, எத்தனை நாற்காலின்னு யாருக்கும் தெரியாது. எக்மோ பேஷன்ட் சொல்லிவச்சு வர்றதில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் சராசரியா எந்த நாளிலும் 2 பேர் எக்மோவில் இருக்காங்கன்னு வச்சுப்போம். சராசரி 2-ன்னா தினமும் 2 இல்லை. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் சம்பந்தமில்லாம பேஷன்ட்கள் வர்றாங்கன்னு வச்சு, புள்ளியியலில் இருக்கிற பாய்சான் கணக்கைப் போட்டா, வருஷத்தில் சுமார் 49 நாள் ஒரு பேஷன்டுகூட இருக்க மாட்டார். சுமார் 118 நாள் 3 பேரோ அதுக்கு மேலேயோ இருப்பாங்க. 4-க்குக் குறையாம இருக்கிற நாள் மட்டுமே 52.

சராசரியைப் பார்த்து 2 நாற்காலிக்கு ஆள் எடுத்தா, மூணு நாளில் ஒரு நாள் ஆள் போதாது. 4 நாற்காலிக்கு எடுத்தா அப்பவும் வருஷத்தில் 19 நாள் போதாது, ஆனா மத்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தா கொடுக்கிற சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதிக்கு எக்மோ வேலை இருக்காது. நிஜம் இன்னும் மோசம். ஃப்ளூ சீசன்ல பேஷன்ட்கள் கூட்டமா வருவாங்க. கணக்கு காட்டுறதைவிட ஏத்த இறக்கம் அதிகம்.

இப்ப புரியுதுங்களா, "ஆட்களை வளைந்து கொடுக்கிற மாதிரி வைக்கணும்"னு ஏன் எல்லா ஆஸ்பத்திரியும் பேசுதுன்னு. இது பேராசையால வந்த யோசனை மட்டும் இல்லை. கணக்கே அப்படித்தான் தள்ளுது. கேள்வி, யார் வளையணும், எதை வச்சு வளையணும்ங்கிறதுதான்.

எப்படியெல்லாம் சமாளிக்கிறாங்க

நம்ம ஊர்ல ரொம்பப் பழகினது ஃப்ரீலான்ஸ். சின்ன இதய ஆஸ்பத்திரிகளில் மாசத்துக்கு ஏழெட்டு பைபாஸ் நடக்கும். முழுநேர பெர்ஃப்யூஷனிஸ்ட் வச்சுக்கக் கட்டுப்படியாகாது. கேஸுக்கு இவ்வளவுன்னு பேசி, ஒருத்தரையே நாலு ஆஸ்பத்திரி கூப்பிடும். காலையில் ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊர். ஆபரேஷனுக்கு இது ஒத்து வரும், ஏன்னா நாலு, அஞ்சு மணி நேரத்தில் வேலை முடிஞ்சு மிஷினை அணைச்சுட்டுப் போயிடலாம். எக்மோ அப்படி முடியாது. போட்டுவிட்டு வர்றது ஒரு மணி நேரம். ஓட்டுறது பத்து நாள், இருபது நாள். போட்டுவிட்டுப் போன ஃப்ரீலான்ஸர் வேற ஊர் தியேட்டருக்குள்ளே இருக்கும்போது ராத்திரி ரெண்டு மணிக்கு ஆக்சிஜனேட்டர்ல கட்டி கட்டியா ரத்தம் உறைஞ்சு நின்னா யார் மாத்துறது? வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு டியூட்டி டாக்டருக்கு வழி சொன்ன கதையெல்லாம் எங்க தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சாமர்த்தியம்னு பெருமையா சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அதில் பெருமைப்பட ஒண்ணும் தெரியலை.

அடுத்தது ஏஜென்சி. அமெரிக்காவில் பெர்ஃப்யூஷனிஸ்ட்களையே ஒப்பந்த அடிப்படையில் அனுப்புற பெரிய கம்பெனிகள் உண்டு. மிஷின், ஆள், மேற்பார்வை எல்லாம் சேர்த்து ஒரே ஒப்பந்தம். டிராவல் நர்ஸ்னு பதிமூணு வார ஒப்பந்தத்தில் ஊர் ஊரா போற நர்ஸ்களும் அங்கே சகஜம். கோவிட் சமயத்தில் அவங்க வாரச் சம்பளம் பல மடங்கு ஏறினதும், நிரந்தர நர்ஸ்கள் வேலையை விட்டுட்டு அதே வேலைக்கு டிராவலரா போனதும் எல்லாரும் படிச்சிருப்பீங்க. பிரிட்டனில் இன்னொரு விதம்: ஸ்டாஃப் பேங்க். ஆஸ்பத்திரியோ என்.எச்.எஸ்ஸோ தானே ஒரு பட்டியல் வச்சிருக்கும். அந்தப் பட்டியலில் இருக்கிறவங்களில் பலர் ஏற்கெனவே அங்கேயே வேலை பார்க்கிறவங்கதான். கூடுதல் ஷிஃப்ட் வேணும்னா தாங்களே பார்த்து எடுத்துப்பாங்க. ஏஜென்சியைவிடச் செலவு குறைவு. அதைவிட, வர்றவருக்கு வார்டு தெரியும், எமர்ஜென்சி டிராலி எந்த மூலையில் நிக்குதுன்னு தெரியும்.

எக்மோவுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் உயிர். ஏன்னா மிஷின்லேயே வித்தியாசம் இருக்கு. கார்டியோஹெல்ப், ரோட்டாஃப்ளோ, சென்ட்ரிமேக்னு ஆளுக்கொரு கன்சோல். அலாரம் சத்தம் வேற, பட்டன் இருக்கிற இடம் வேற. கார் ஓட்டத் தெரிஞ்சவர் எந்தக் காரும் ஓட்டுவார்ங்கிறது நிதானமா ஓட்டும்போது சரி.

மூணாவது வழி, நாற்காலியில் உட்கார்றது யார்ங்கிறதையே மாத்திப் பார்க்கிறது. முன்னெல்லாம் ஒரு பேஷன்டுக்கு ரெண்டு பேர்: பேஷன்டைப் பார்க்க ஒரு நர்ஸ், மிஷினைப் பார்க்க ஒரு பெர்ஃப்யூஷனிஸ்ட். பம்பும் ஆக்சிஜனேட்டரும் நம்பகமா ஆன பிறகு, பயிற்சி பெற்ற ஒரே நர்ஸ் ரெண்டையும் பார்க்கிற முறை வந்தது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பல இடங்களில் அப்படித்தான். பெர்ஃப்யூஷனிஸ்ட் ஒரு நாளைக்கு சில தடவை ரவுண்ட்ஸ் வந்து சர்க்யூட்டைப் பார்ப்பார், கூப்பிட்டா ஓடி வருவார். எக்மோ மையங்களுக்கான சர்வதேச அமைப்பான எல்சோ 1989-ல் ஆரம்பிச்சது; அதன் வழிகாட்டுதலும் நர்ஸ், சுவாச சிகிச்சையாளர், பெர்ஃப்யூஷனிஸ்ட் யார் வேணும்னாலும் எக்மோ ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம்னுதான் சொல்லுது. ஆனா தீவிர சிகிச்சையில் குறைஞ்சது ஒரு வருஷ அனுபவம் இருக்கணும், வகுப்பு, ஒத்திகை, பேஷன்ட் பக்கத்திலேயே பயிற்சி எல்லாம் முடிக்கணும்.

எங்க ஆட்களில் சிலருக்கு இது பிடிக்காது. "எங்க வேலையைச் சிஸ்டர்களுக்குக் கொடுத்துட்டா நாங்க எதுக்கு?"ம்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. கோவிட்டின்போது இதய ஆபரேஷன்களைத் தள்ளிவச்சதால நாங்க எல்லாரும் எக்மோ பக்கத்திலேயே உட்கார முடிஞ்சது. தியேட்டர் திரும்பத் திறந்த மாசமே சிக்கல் தெரிஞ்சது: அதே ஆள் காலையில் பைபாஸுக்கும் வேணும், எக்மோவுக்கும் வேணும். ராத்திரி முழுக்க எக்மோ பக்கத்தில் விழிச்சிருந்தவர் காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தையோட இதய ஆபரேஷனுக்கு மிஷின் ஓட்டுறது யாருக்கும் நல்லதில்லை. நர்ஸ்களைத் தயார் பண்றதைத் தவிர வேற வழி இருந்ததா எனக்குத் தோணலை.

ஒண்ணு மட்டும் கூடாது. ஒருத்தருக்கு ரெண்டையும் பார்க்கிற பொறுப்பைக் கொடுத்துட்டு, கூடவே பக்கத்துக் கட்டில் வென்டிலேட்டர் பேஷன்டையும் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் சாதாரண ஐசியூவுக்கே ஒரு நர்ஸுக்கு ரெண்டு பேஷன்டுக்கு மேல கூடாதுன்னு சட்டமே இருக்கு, 2004-லிருந்து நடைமுறையில். நம்ம ஊர்ல சில இடங்களில் எக்மோவையும் சேர்த்து மூணு கட்டில் பார்த்தவங்களை எனக்குத் தெரியும். அதுக்குப் பேர் வளைந்து கொடுக்கிறது இல்லை.

ஆராய்ச்சி என்ன சொல்லுது

பிரிட்டனில் சீசர்னு ஒரு ஆய்வு. 2009-ல் லான்செட் இதழில் வந்தது. நுரையீரல் செயலிழந்த 180 பேரை எடுத்து, பாதிப் பேரை லெஸ்டர் நகரத்தில் உள்ள கிளென்ஃபீல்ட் ஆஸ்பத்திரிக்கு எக்மோவுக்காக அனுப்பினாங்க. மீதிப் பேருக்கு அவங்கவங்க ஆஸ்பத்திரியிலேயே வழக்கமான சிகிச்சை. ஆறு மாசம் கழிச்சு, கடுமையான ஊனம் இல்லாம உயிரோடு இருந்தவங்க அனுப்பப்பட்டவங்களில் 63 சதவீதம், மத்தவங்களில் 47.

இதில் வேடிக்கை என்னன்னா, அனுப்பப்பட்ட 90 பேரில் நிஜமா எக்மோ போட்டது 68 பேருக்குத்தான். மத்தவங்களில் பெரும்பாலானவங்க அந்த மையத்தில் வென்டிலேட்டரைச் சரியா வச்சே தேறிட்டாங்க, அல்லது போற வழியிலேயோ போனதுமோ இறந்துட்டாங்க. அதனால அன்னைக்கே ஒரு விமர்சனம் எழுந்தது: பலன் மிஷினால வந்ததா, அந்த இடத்து ஆட்களால வந்ததா? எக்மோவை எதிர்க்கிறவங்க கேட்ட கேள்வி இது. ஆனா ரோஸ்டர் போடுறவனுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 2015-ல் வந்த, எல்சோ பதிவேட்டை வச்சுச் செய்த ஆய்வு. வருஷத்துக்கு 30-க்கு மேல பெரியவங்களுக்கு எக்மோ போடுற ஆஸ்பத்திரிகளில், 6-க்கும் குறைவா போடுற இடங்களைவிட இறப்பு குறைவு. நோயாளியின் நிலைமை வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். கை பழகணும், அதுக்கு எண்ணிக்கை வேணும்.

பிரிட்டன் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கிட்டது. 2009 பன்றிக்காய்ச்சலுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஷின் வாங்காம, 2011-ல் இங்கிலாந்து முழுக்க நுரையீரல் எக்மோவுக்கு அஞ்சே மையம்னு வச்சாங்க. பேஷன்ட் இருக்கிற இடத்துக்கு மையத்தின் குழுவே போய், அங்கேயே கேனுலா போட்டு, ஆம்புலன்ஸில் எக்மோ ஓடஓடக் கூட்டிட்டு வரும். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மையமும் இப்படிக் கூட்டிட்டு வர்றதில் பேர் போனது.

முன்னே போட்ட கணக்கை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்க. தனித்தனியா 2 ஆஸ்பத்திரி, ஆளுக்கு 4 நாற்காலி, மொத்தம் 8. ஒவ்வொரு இடத்திலும் வருஷத்தில் 5 சதவீத நாள் பற்றாக்குறை. ரெண்டையும் ஒண்ணா சேர்த்தா அதே 5 சதவீதத்துக்கு 7 நாற்காலி போதும். 4 ஆஸ்பத்திரி சேர்ந்தா 16-க்குப் பதில் 13. மூணு நாற்காலி மிச்சம்னா பன்னிரண்டு, பதிமூணு பேர். யாரையும் டபுள் டியூட்டி போட வைக்காம, யார் சம்பளத்தையும் குறைக்காம கிடைக்கிற மிச்சம் இது.

சென்னையில் எக்மோ போடுற ஆஸ்பத்திரிகள் ஒண்ணுக்கொண்ணு ஒரு மணி நேர தூரத்துக்குள்ளேதான் இருக்கு. ஆனா இப்படிச் சேர்றதில்லை. ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் இன்னொரு ஆஸ்பத்திரியில் தவறு நடந்தா யார் பொறுப்புங்கிற சட்டக் கேள்வி, மிஷின் வேற வேறங்கிற பிரச்சினை, இதெல்லாம் சொல்லப்படுற காரணம். சொல்லப்படாத காரணம், எக்மோ பேஷன்ட் பெரிய பில். அதைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப யாருக்கும் மனசு வராது.

"ஃப்ளெக்ஸிபிள்" யாருக்கு

இந்த வார்த்தையை நர்ஸ்கள் முன்னாடி சொல்லிப் பாருங்க, முகம் மாறும். நியாயமான காரணம் இருக்கு. தமிழ்நாட்டில் கோவிட்டின்போது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்ஸ்களில் 2,000-க்கும் மேற்பட்டவங்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிஞ்சதுன்னு சொன்னாங்க. 2023 ஜனவரியில் போராட்டம் நடந்ததெல்லாம் செய்தியில் பார்த்தோம். தேவைப்பட்டப்போ தெய்வம், தேவை முடிஞ்சதும் உபரி. தனியார் பக்கம் சம்பளக் கதை தனி. 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச குழு 2016-லேயே பரிந்துரை பண்ணிடுச்சு. அது எத்தனை இடத்தில் நடக்குதுன்னு உங்க வீட்டுப் பக்கத்து நர்ஸிங் ஹோம் சிஸ்டரைக் கேளுங்க.

ஆன்-கால்னு ஒண்ணு இருக்கு. வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டா அரை மணியில் வரணும். அந்த அரை மணிக்காக அந்தப் பொண்ணு அன்னைக்கு சொந்த ஊர் போக முடியாது, சினிமாவுக்குப் போக முடியாது, குழந்தையைத் தனியா விட்டு வர ஏற்பாடு செய்து வைக்கணும். ஃபோன் வந்தாத்தான் காசு, வராட்டி ஒண்ணும் இல்லைன்னா, ஆஸ்பத்திரியின் ஏத்த இறக்கத்தை அந்தக் குடும்பம் சுமக்குதுன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்தில், கூப்பிடாத ஆன்-காலுக்கும் ஒரு தொகை கொடுக்க ஆரம்பிச்சாங்க. பெரிய தொகை இல்லை. ஆனா பட்டியலில் பேர் கொடுக்கிறவங்க கூடினாங்க, ராத்திரி ஃபோன் எடுக்காம இருக்கிறது நின்னுடுச்சு.

நான் ரோஸ்டர் போடும் விதத்தைச் சொல்றேன், இதுதான் சரின்னு இல்லை. நிரந்தரமா எக்மோவுக்குன்னு ஒரு சின்னக் குழு, சராசரிக்குத் தேவையான அளவு. அதைச் சுத்தி, இதய ஐசியூவிலும் மருத்துவ ஐசியூவிலும் வேலை பார்க்கிற, எக்மோ பயிற்சி முடிச்ச நர்ஸ்கள். எக்மோ பேஷன்ட் இல்லாத நாளில் இவங்க தங்கள் சொந்த ஐசியூவில் இருப்பாங்க; சம்பளம் வீணாகாது. ஆனா மாசத்துக்கு குறைஞ்சது ரெண்டு எக்மோ ஷிஃப்ட் பார்க்கணும். பேஷன்டே இல்லாத மாசம்னா தண்ணி சர்க்யூட்ல ஒத்திகை. ரெண்டு மாசம் விட்டுப்போனா பட்டியலிலிருந்து பேர் எடுத்துடுவேன், ஒத்திகை முடிச்சப்புறம்தான் திரும்பச் சேர்ப்பேன். இதுக்கு எனக்குக் கிடைச்ச திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. வெளியாளைக் கூப்பிட்டே ஆகணும்னா, அவரை எக்மோ நாற்காலியில் உட்கார வைக்க மாட்டேன். சாதாரண ஐசியூ கட்டிலுக்கு அவரைப் போட்டுட்டு, அங்கேயிருக்கிற எங்க சிஸ்டரை எக்மோவுக்கு நகர்த்துவேன்.

கூடவே, ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் போர்டில் ஒரு எண் எழுதணும். "இந்த ஷிஃப்டில் இன்னும் எத்தனை சர்க்யூட் எடுக்க முடியும்." 1, 2, அல்லது 0. ஸ்டோர் ரூமில் எத்தனை மிஷின் இருக்குங்கிறது அந்த எண்ணில் வராது. அந்த 0-வை எழுதுறதுக்கு நர்ஸிங் இன்-சார்ஜுக்கு அதிகாரம் இருக்கணும், மேலேயிருந்து யாரும் அழிக்கக் கூடாது. நம்ம நேயர் மாமாவுக்காகப் பேசினப்போ மறுமுனையில் இருந்தவர் பார்த்தது இப்படி ஒரு 0-வா இருந்திருக்கலாம். அவங்க எடுத்துட்டு, பழகாத ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னும் யோசிச்சுப் பாருங்க. ஆனா 0-ன்னு சொல்லிட்டு ஃபோனை வைக்கிறதும் போதாது. அந்த நேரத்தில் நகரத்தில் வேற எங்கே 1 இருக்குன்னு சொல்லத் தெரியணும். அதுக்கு இன்னைக்கு இருக்கிறது டாக்டர்களுக்குள்ளே இருக்கிற பழக்கமும் ஃபோன் நம்பரும்தான்.

உங்க வீட்டில் யாருக்காவது எக்மோ தேவைன்னு சொன்னா, பதட்டத்தில் எல்லாரும் கேட்கிறது ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்னு. அதைக் கட்டாயம் கேளுங்க. கூடவே, ராத்திரி மிஷின் பக்கத்தில் யார் இருப்பாங்க, அவங்களுக்கு வேற எத்தனை பேஷன்ட், பெர்ஃப்யூஷனிஸ்ட் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, கூப்பிட்டா எத்தனை நிமிஷத்தில் வருவார், வருஷத்துக்கு இங்கே எத்தனை எக்மோ நடக்குதுன்னும் கேளுங்க. டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு தயங்க வேண்டாம். ஒழுங்கா ரோஸ்டர் வச்சிருக்கிற இடத்தில் இதுக்குப் பதில் உடனே வரும்.

இந்தக் கேள்வியை அனுப்பின நேயருக்கு நன்றி. மாமாவை விசாரிச்சதா சொல்லுங்க. அடுத்த எபிசோடில் ஆக்சிஜனேட்டரைப் பிரிச்சு உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம். பயன்படுத்தி முடிச்ச ஒண்ணை வாங்கி வச்சிருக்கேன்.